ஐந்து குஞ்சம் வைத்த ஸ்பொரன்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக் கதவின் மணி அடித்தால் நான் கத்திரியைக் கீழே வைத்துவிடுவேன். தலையை நிமிர்த்தாமலே தெரியும், அந்த அக்காதான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் பனிச் சப்பாத்து, வாயில் ஒரு புது யோசனை. "தம்பி, நான் யோசிச்சுப் பாத்தன்" என்று தொடங்குவா. அவ யோசித்துப் பார்த்தா என்றால், போன கிழமை நான் செய்த வேலை குப்பைக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒரு கைப்பைத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் தைத்தேன். அதைப் பூட்டின பிறகு கோட்-டெ-நேஜ் பக்கத்தில், தெருவைவிடப் பதிந்த ஒரு சின்னக் கடையை எடுத்து, சப்பாத்துத் தைக்கிறது, பைக்கு சிப் மாற்றுகிறது என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். என் பரம்பரையில் ஒருத்தரும் தோலைத் தொட்டதில்லை. அதை எனக்கு ஞாபகப்படுத்துவதற்கென்றே சில சனம் கடைக்கு வரும். இந்த அக்காவும் முதல் தரம் ஒரு சப்பாத்தை இரண்டு விரலால் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, "ஊரிலையெண்டால் இந்த வேலைக்கு வந்திருப்பீரோ தம்பி?" என்று கேட்டவதான். ஊரிலையெண்டால் நீங்கள் பனிச் சப்பாத்துப் போட்டிருப்பியளோ என்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் என் கடைப்பக்கம் அவ தலை காட்டவில்லை.

பிறகு ஒரு மாசி மாதச் சனிக்கிழமை, நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. ஊசி நூல் போட்டு வைக்கிற பழைய தகரப் பேணி. மூடியில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரன் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு, காற்றுப் பை வைத்த பைப் ஊதுகிற படம். அந்தப் பாவாடைக்கு கில்ட் என்று பெயர். அதற்குப் பொக்கற் கிடையாது. அதனால் முன்னுக்கு, இடுப்பிலிருந்து ஒரு தோல் பையைத் தொங்கவிடுவார்கள். அதுதான் ஸ்பொரன். அக்கா அந்தப் பையின் மேல் விரலை வைத்து, இது செய்யேலுமோ என்று கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அண்ணை பாவாடை கட்டத் தொடங்கிவிட்டாரோ என்று பகிடியாகக் கேட்டேன். அவ சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து முழுவதையும் சொன்னா.

ஒரே மகள். இங்கே படித்து, இங்கேயே ஒரு வெள்ளைப் பொடியனை விரும்பிவிட்டாள். அவனுடைய தாய் பிரெஞ்சுக்காரி, தகப்பன் வழியில் ஸ்கொட்லாந்து. ஒரு வருஷம் சண்டை, அழுகை, பட்டினி எல்லாம் முடிந்து, கடைசியில் சரி வரச்சொல் என்று அக்கா இறங்கி வந்திருக்கிறா. அவன் சித்திரை வருஷப்பிறப்புக்கு வந்தான். உங்கள் பெருநாள், அதனால் எங்கள் பெருநாள் உடுப்பில் வருகிறேன் என்று, அந்தக் குளிருக்குள் முழங்கால் தெரிய கில்ட் கட்டி, பாட்டனுடைய ஸ்பொரனையும் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். இந்த மனுசி என்ன செய்தா தெரியுமோ? தோல் சாமான், சாமி அறையில் படையல் வைத்திருக்கு, உள்ளே கொண்டுவரக்கூடாது என்று, செருப்பைக் கழற்றச் சொல்கிற மாதிரி அதைக் கழற்றச் சொல்லி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போய் வெளி மாடிப்படியின் கம்பியில் கொழுவிவிட்டு வந்தா. மூன்றாம் மாடி. காற்றுக்கு அது கீழே விழுந்து, பனி உருகின சேற்றுக்குள் கிடந்து, ஒழுங்கையால் வந்த கார் ஒன்று அதன் மேல் ஏறிப் போய்விட்டது.

பொடியன் கீழே ஓடினானாம். சப்பையாகிப்போனதை எடுத்துத் துடைத்து, மேலே கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு நின்றானாம். மகள்தான் அவனுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதிலிருந்து பத்து மாதம். போன் எடுத்தாலும் தாயின் குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். தகப்பனோடு மட்டும் கதைப்பாள். இப்போது ஆடி மாதம் கலியாணம் என்று அழைப்புக் காட் வந்திருக்கிறது. தகப்பன் பெயருக்கு மட்டும்.

"என்ரை பேர் அதிலை இல்லைத் தம்பி. நாலு தரம் திருப்பித் திருப்பிப் பாத்தன்" என்றா அக்கா.

இதைக் கேட்ட பிறகு எப்படி மாட்டேன் என்று சொல்வது? செய்து தருகிறேன் என்று வாயைக் குடுத்தேன். அதோடு தொடங்கினது என் கேடு காலம்.

முதலாவது பிரச்சினை தோல். நான் நல்ல மாட்டுத்தோல் ஒன்று எடுத்து வைத்திருந்தேன், தடிப்பு, வழுவழுப்பு, வெட்டக் கத்தி தானாக ஓடும். அக்கா அதைப் பார்த்ததும் பின்னுக்குப் போனா. கலியாணத்துக்கு மாட்டுத்தோலோ, சைவக்காரர் குடுக்கிற சாமானோ என்றா. அக்கா, நீங்கள் காலில் போட்டிருக்கிறது மாடு, தோளில் கொழுவியிருக்கிறது மாடு என்று காட்டினேன். அது வேறை, இது வேறை என்றா. என்ன வேறை என்று கேட்டால் காலைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டா. சரி, ஆட்டுத்தோல். ஆடு மெல்லிசு, உள்ளுக்கு இன்னொரு தோலை ஒட்டிக் கெட்டியாக்கினால்தான் பை பையாக நிற்கும். இரட்டை வேலை. உள்ளுக்கு ஒட்டினது என்ன தோல் என்று அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டாவது நிறம். கறுப்புச் சாயம் போட்டு முடித்திருந்தேன், படத்தில் அப்படித்தான் இருந்தது. வந்தா. "தம்பி, நான் யோசிச்சுப் பாத்தன்." நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாதாம். கூறைப்புடவை மாதிரி அரக்கு நிறம் வேண்டுமாம். கறுப்பின் மேல் அரக்கு ஏறாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அப்ப புதிதாக வெட்டுங்கோ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு முன்னம் வெட்டவேணும், பேந்து நேரம் சரியில்லை என்று ஒரு துண்டில் எழுதியும் தந்துவிட்டுப் போனா. வியாழக்கிழமை எட்டரைக்குப் போன் அடித்து வெட்டியாச்சோ என்று விசாரித்தா. வெட்டியாச்சு அக்கா என்றேன். அப்போது நான் பல் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு குஞ்சம். அந்தப் பைக்கு முன்னால் மூன்று தோல் குஞ்சங்கள் தொங்கும், அதுதான் முறை. மூன்று ஆகாது, ஐந்தாக்குங்கோ என்றா. ஐந்து வைத்தால் பை தெரியாது, வெறும் குஞ்சம்தான் தெரியும் என்றேன். பரவாயில்லை, வடிவாயிருக்கும் என்றா. அந்தப் பையைக் கட்டுகிறவன் பார்த்தால் என்ன நினைப்பான் என்று கேட்டேன். அவனுக்கென்ன தெரியும் என்றா. அவனுடைய நாட்டுச் சாமான் அக்கா அது என்று நான் கத்தினதில், பக்கத்து உடுப்புத் தோய்க்கிற கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

உச்சக்கட்டம் பிள்ளையார். பையின் மூடியில் ஏதாவது வேலைப்பாடு செய்து தாருங்கோ என்று கேட்டு, ஒரு கலண்டரைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தா. விரித்துப் பார்க்கிறேன், பிள்ளையார். எனக்கு மண்டை விறைத்துப்போச்சு. எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னேன்: அக்கா, இந்தப் பை எங்கே தொங்கும் என்று ஒருக்கா வடிவாக யோசியுங்கோ. யோசித்தா. பேணி மூடியைப் பார்த்தா, கலண்டரைப் பார்த்தா, முகம் சிவந்துபோச்சு. கலண்டரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்ப ஒரு தாமரைப் பூவைப் போடுங்கோ என்றா. குத்தூசியால் ஒவ்வொரு இதழாக, இரண்டு கிழமை இருந்து அந்தத் தாமரையை இழைத்தேன். என் கையால் நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. எரிச்சலோடு செய்த வேலை வடிவாக வந்தால் இன்னும் எரிச்சல் வரும்.

அதை அவ பார்த்ததும் கண் கலங்கிச்சு. நான் உருகிப்போய்த் தேத்தண்ணி போட உள்ளே போன நேரம், கைப்பையிலிருந்து மஞ்சள் தூள் சரையை எடுத்து, தண்ணீரில் குழைத்து, நாலு மூலைக்கும் தொட்டு வைத்துவிட்டா. ஆட்டுத்தோல் மஞ்சளைக் குடித்தால் குடித்ததுதான். நான் வந்து பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவ கோபிக்கவில்லை. நல்லதுக்குத்தானே வைச்சனான் என்றா. அந்த மூலைகள் மறைய மூடி முழுவதுக்கும் திரும்பச் சாயம் போட்டேன்.

கடைசியாக அளவு. இடுப்பு வாருக்கு எத்தனை அங்குலம் என்று கேட்டேன். அவவுக்கு எப்படித் தெரியும்? மகளிடம் கேட்க வழியில்லை. படத்தைப் பார்ப்போம் என்றால் பைப் ஊதுகிறவனின் இடுப்பை அந்தப் பைப்பே மறைத்துக்கொண்டிருக்கிறது. என்னை எழும்பி நிற்கச் சொன்னா. தள்ளி நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, பொடியன் உங்கடை உடம்புதான் என்று முடிவெடுத்து, பேணிக்குள் இருந்த நைலோன் நூலை என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தா. எங்கே? நான் சாரம் கட்டுகிற இடத்தில், தொப்புளுக்குக் கீழே, வண்டி வயிற்றுக்கு அடியில். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. பத்து வயதிலிருந்து லுங்கி, சாரம் என்று கட்டுகிறவன் நான். ஒரு ஆம்பிளை வேறெங்கே கட்டுவான்? அந்த நூலை மேசையில் நீட்டி வைத்து வாரை வெட்டினேன். மூன்று ஓட்டை போட்டு பக்கிளைத் தைத்தேன்.

வேலை முடிந்தது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டால், கொண்டுபோய்க் குடுக்கிறதும் நான்தானாம். புருஷனைக் கேட்டாவாம். துறைமுகத்தில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து களைத்திருக்கிற மனுசன், நீ செய்த பிழைக்கு நான் தூது போகேலாது என்று ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டாராம். மருமகனாகப் போகிறவனுக்கு டோர்வல் விமானநிலையத்தில் பயணப் பெட்டி ஏற்றுகிற வேலை. வீடு எங்கே என்று தெரியாது, வேலை தெரியும். கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். அன்றைக்கு அவனுக்கு லீவு. திட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். அடுத்த கிழமை திரும்பவும் போனேன்.

செம்மஞ்சள் மேலங்கியோடு வெளியே வந்தான். ஒல்லியான, நெடிய பொடியன். என் உடம்பாம்! அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. ஆர் தந்தது என்று பிரெஞ்சில் கேட்டான். தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தா. கடையிலிருந்து என்று மட்டும் சொன்னேன். பிரித்துப் பார்த்தான். தாமரையை விரலால் தடவினான். பிறகு மெர்சி என்று நன்றி சொல்லி, திரும்பப் பக்குவமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். வியாபாரி புத்தி, என் கடை அட்டையை முதலே மூடிக்குள் சொருகி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகாவது சனிக்கிழமை எனக்குச் சொந்தமாகும் என்று நினைத்தேன். எங்கே! வந்தா. முகம் எப்பிடி இருந்தது, சிரிச்சவனோ, குஞ்சத்தைப் பாத்தவனோ, மகளுக்குக் காட்டுவன் எண்டு சொன்னவனோ என்று அதே கேள்விகள். அடுத்த சனியும் வந்தா. அதற்கடுத்த சனியும். போன் வரவில்லை, காட் வரவில்லை. தாமரைக்குப் பதிலாக மயில் போட்டிருக்கலாம் என்றா. மஞ்சளை நான் மறைத்ததால்தான் பலிக்கவில்லை என்றா. அதோடு எனக்குப் பொறுமை கெட்டுப்போச்சு.

"அக்கா, ஒரு மனுசன்ரை பாட்டன்ரை சாமானைச் செருப்பு மாதிரி வெளியிலை கொழுவினது நீங்கள். மயிலோ தாமரையோ எண்டதில்லைப் பிரச்சினை. வாயாலை ஒரு மன்னிப்புக் கேட்டியளோ?"

அவ பிளாஸ்டிக் பையை மடித்தா. திரும்பவும் மடித்தா.

"கேக்கிறதுக்கு அவள் போனை வைக்காமல் இருக்கோணுமே தம்பி" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனா.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு மணி அடிக்கவில்லை. பதினொன்றுக்கும் இல்லை. நான்தான் சும்மா சும்மா கதவைப் பார்த்தேன். என்ரை நாக்கை அறுக்க என்று என்னையே திட்டிக்கொண்டேன். கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது.

அன்று மத்தியானம் ஒரு பெட்டையும் அந்த டோர்வல் பொடியனும் படியிறங்கி வந்தார்கள். பெட்டைக்கு அக்காவின் நெற்றி, அக்காவின் நடை. சொல்லத் தேவையில்லை. பொடியன் திரைக்குப் பின்னால் போய், கொண்டுவந்த கில்ட்டைக் கட்டி, ஸ்பொரனை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது. கில்ட்டை அவர்கள் கட்டுவது தொப்புளுக்கு மேலே, வயிறு ஒடுங்குகிற இடத்தில். என் வண்டிக்கு அடியில் அளந்த வார் அவனுக்கு லொடலொடவென்று, பை தொடைக்கு நடுவில் தொங்கியது. இரண்டு அடி நடந்து காட்டினான். ஐந்து குஞ்சமும் முழங்காலில் அடித்தன. பாவம், சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு.

"இதை ஆர் அங்கிள் அளந்தது?" என்று பெட்டை கேட்டாள்.

சத்தியம் செய்திருந்தேன்தான். ஆனால் இவ்வளவு கேவலமான வேலையை என் தலையில் போட்டுக்கொள்ள என்னால் ஏலாது. உங்கட அம்மா என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. தாமரையையும் குஞ்சத்தையும் பார்த்த அன்றே தெரிந்திருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். ஐந்து நிமிஷ வேலை, வாரை வெட்டி ஓட்டை போட்டுத் தருகிறேன் என்று நான் அளக்கிற இஞ்சி நாடாவை எடுத்தேன். அவள் என் கையைத் தடுத்தாள்.

"நீங்கள் அளக்கவேண்டாம். அம்மாவுக்குப் போன் அடிச்சு அளவு பிழையெண்டு சொல்லுங்கோ. அவவே வந்து எடுக்கட்டும்."

அடித்தேன். அக்கா எடுத்தா. அளவு பிழையாம் என்றேன். பிழைக்க வழியில்லை, நான் நூல் பிடிச்சு அளந்தனான், வெட்டினது நீங்கள்தான் பிழையாய் வெட்டியிருப்பியள் என்று தொடங்கினா பாருங்கள், போனை நிலத்தில் அடிக்கலாம் போல் வந்தது. அக்கா, பொடியன் இங்கே நிற்கிறான் என்றேன். அப்ப அவனிட்டைச் சொல்லுங்கோ, அவன் மெலிஞ்சிருப்பான் என்றா. மகளும் நிற்கிறாள், உங்களை வந்து அளக்கட்டாம் என்றேன். அவ போனை வைக்கவில்லை. ரிசீவர் எங்கேயோ தொங்கி ஆடுகிற சத்தமும் கதவு சாத்துகிற சத்தமும்தான் கேட்டது.

இருபது நிமிஷம். ஒரு பஸ்ஸுக்கும் நிற்காமல் நடந்தே வந்திருக்க வேண்டும். வீட்டுச் சட்டை, ஒரு காலில் ஒரு செருப்பு, மற்றக் காலில் வேறொன்று. மூச்சு வாங்குகிறது. மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் ஓடிவிடுவாள் என்று பயந்தவ மாதிரி, நேரே பொடியனிடம் போய், கையில் கொண்டுவந்த நூலை அவன் இடுப்பைச் சுற்றிப் போட்டா. நூல் இரண்டு தரம் கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுத்துக் குடுத்தான். மூன்றாம் தரம் பிடித்தா. எங்கே பிடித்தா? திரும்பவும் அதே இடம், சாரம் கட்டுகிற இடம்! நான் வாயைத் திறக்கப் போனேன்.

அதற்கிடையில் மகள் வந்து தாயின் இரண்டு கையையும் பிடித்து, நூலோடு சேர்த்து மேலே தூக்கினாள்.

"இங்கை இல்லையம்மா, மேலை. கலியாணத்தண்டைக்கும் இப்பிடிப் பதிச்சுக் கட்டிவிட்டியளெண்டால் சனம் சிரிக்கும்."

அக்காவின் கை அப்படியே நின்றது. அண்டைக்கு நானோ என்று கேட்டா. ஓம் என்றாள் மகள், பிடித்த கையை விடாமல். பொடியன் கையை விரித்துக்கொண்டு சிலை மாதிரி நடுவில் நின்றான்.

கத்திரியும் கையுமாக நான் எத்தனை அங்குலம், எத்தனை அங்குலம் என்று இரண்டு தரம் கேட்டேன்.